சேர்க்க இன்னும் நாள் இருந்தது

ஒரு பெண்ணுக்குக் கனடாவில் வேலை அனுமதி கிடைக்காமல் போனது. அதற்கு நான் காரணம். அவளிடம் இதை முதலில் பாதிதான் சொன்னேன். அந்தப் பாதியிலும் பொய் கலந்திருந்தது. பிறகு முழுதும் சொன்னேன். அவளுடைய அப்பாவிடம் சொன்ன பொய் இன்றுவரை அப்படியே இருக்கிறது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு படிக்கிறவர்களுடையது.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஊரும் வேண்டாம். கொங்குப் பக்கம், அப்பாவுக்குப் பட்டறை வேலை, வீட்டுக்கு மூத்த பெண். இவ்வளவு போதும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் செய்தது விளங்கும். கனடாவுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு ஸ்டடி பெர்மிட் தருவார்கள். படித்து முடித்த பிறகு பி.ஜி.டபிள்யூ.பி. என்கிற வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அது கிடைக்கும். அதில் முதலாளி பெயர் எதுவும் இருக்காது. யாரிடம் வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம். எட்டு மாதத்துக்குக் குறைந்த படிப்புக்கு இல்லை. இரண்டாண்டுப் படிப்பென்றால் மூன்று ஆண்டுக்குத் தருவார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் திறன் வேலையில் ஓராண்டு அனுபவம் சேர்த்துவிட்டால் பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமை கேட்க வழி திறக்கும். நம் ஊரிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளின் கணக்கு மொத்தமும் இந்த ஒரு தாளை நம்பித்தான்.

படிப்பு முடிந்ததாகக் கல்லூரி உறுதி செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இன்னொரு நிபந்தனை உண்டு. படிப்பின் ஒவ்வொரு டெர்மிலும் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். கடைசி டெர்மில் மட்டும் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு டெர்ம் பகுதிநேரமாகிவிட்டால் தகுதி போய்விடும். அதோடு, முழுநேர மாணவராக இருப்பவர்தான் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம். இடையில் பகுதிநேரமானால் அந்த டெர்ம் முழுக்க வெளி வேலையே கூடாது.

நான் டொரொன்டோவுக்கு 2019 ஜனவரியில் வந்தேன். இரண்டாண்டு டிப்ளமா. 2020 விண்டர் டெர்ம் எனக்குக் கடைசி டெர்ம் அல்ல. மார்ச்சில் கோவிட் வந்தது. கல்லூரியை மூடி ஆன்லைனுக்கு மாற்றினார்கள். என்னால் சமாளிக்க முடியவில்லை. பாதிப் பாடங்களை டிராப் செய்தேன். அந்த ஆண்டு கோவிட் காரணமாகப் பகுதிநேரமானவர்களுக்கு அது பாதகமாகாது என்று குடிவரவுத் துறை விலக்கு அளித்தது. கல்லூரியும் மின்னஞ்சல் அனுப்பியது. 2021-இல் விண்ணப்பித்தபோது அந்த விலக்கைச் சொல்லி அதிகாரிக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு இணைத்தேன். மூன்றாண்டு பெர்மிட் வந்தது.

அதே ஆண்டு மே மாதம் கனடாவில் படித்து முடித்தவர்களுக்கென்று 40,000 இடங்களோடு ஒரு தனி பி.ஆர். திட்டம் திறந்தார்கள். எந்த வேலையில் இருந்தாலும் சரி, வேலையில் இருந்தால் போதும். மே 6 அன்று திறந்தது, மறுநாளே நிரம்பியது. அந்த இடங்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. அப்போது நான் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அன்றைக்கு வெளியே நின்றார்கள். மொழித் தேர்வு முடிவு ஒருநாள் பிந்திக் கிடைத்தவர்கள், அந்த வாரம் வேலை இல்லாமல் இருந்தவர்கள். எனக்கு எல்லாமே நேரத்துக்கு அமைந்தது. காலம் பார்த்துத் தந்ததை நான் என் அறிவு என்று எடுத்துக்கொண்டேன். என் குற்றம் அங்கே தொடங்குகிறது.

ஸ்கார்பரோவில் நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பேஸ்மென்ட். மேலே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து அன்ரி. தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர். கீழே தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒரு டெர்முக்கு இருவர் போவார்கள், இருவர் வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் எதற்கும் என்னிடம் வருவார்கள். வேலைக்குத் தேவையான சின் நம்பர், வரித் தாக்கல், பெர்மிட் நீட்டிப்பு எல்லாவற்றுக்கும். "அண்ணாகிட்ட கேளு" என்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. ஊரில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோதான் சொல்லலாம். அவர்கள் தவறு செய்தால் புகார் செய்ய இடம் உண்டு. நான் ஒரு டாலர்கூட வாங்கியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். காசு வாங்காததால் பொறுப்பும் கிடையாது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. என் பேச்சை நம்பிக் கெட்டவர்கள் யாரிடம் போய்ப் புகார் செய்வார்கள்?

அவள் 2022 ஜனவரியில் வந்தாள். கணக்கியல் டிப்ளமா. செலவை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். பஸ் கட்டணம், பால், ஊருக்கு அனுப்பியது, அனுப்ப முடியாதது எல்லாம் அதில் இருக்கும். வங்கிக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தது. முதல் ஆண்டை ஒருவிதமாக ஓட்டினாள். அடுத்த தவணைக் கட்டணம் கட்டத்தான் பணம் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலை நேர வரம்பு தளர்ந்தது. மாணவர்கள் கல்லூரிக்கு வெளியே வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்றிருந்ததை 2022 நவம்பர் 15 முதல் தற்காலிகமாக நீக்கினார்கள். எங்கள் வேர்ஹவுஸுக்கு ஆள் தேவை. அப்போது நான் இரவு ஷிஃப்டின் லீட் ஆகியிருந்தேன். என் லைனில் ஆள் குறைவு. சூப்பர்வைசர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளை நான்தான் சேர்த்துவிட்டேன். வரம்பைத் தளர்த்தியவர்கள் முழுநேரப் படிப்பு என்கிற நிபந்தனையைத் தளர்த்தவில்லை. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

2023 ஜனவரி, டெர்ம் தொடங்கியிருந்த நேரம். ஒரு புதன்கிழமை மாலை மேலே அன்ரியின் சமையலறையில் எல்லோரும் இருந்தோம். அன்று அன்ரி எல்லோருக்கும் புட்டு அவித்திருந்தார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணா, இந்த டெர்ம் ஆறு பாடத்துல மூணு மட்டும் எடுக்கலாமுங்களா? பீஸ் குறையும்ங்க. ஷிஃப்டும் முழுசாப் போகலாம். மிச்சத்த சம்மர்ல எடுத்துக்கறேன்."

"தாராளமா எடு" என்றேன்.

அன்ரி திரும்பிப் பார்த்தார். "தம்பி, இது பேப்பர் அலுவல். வாயால சொல்லுறதைக் கேட்டுச் செய்யேலாது. பிள்ளை, நீ கொலிச் ஒஃபிசில போய்க் கேள். எழுத்தில தரச் சொல்லு."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்தைத் தெரிந்த ஒருவர் நிரப்பிக் கொடுத்தார். அதில் ஒரு தேதி பிழையாகிவிட்டது. விசாரணையில் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவ்வளவையும் கேட்டவன் நான். அப்படியிருந்தும் என்ன சொன்னேன் தெரியுமா?

"அன்ரி, உங்க காலம் வேற. நீங்க அகதி கேஸ். இது ஸ்டூடண்ட் கேஸ். நானே ஒரு டெர்ம் பாதிதான் எடுத்தேன். எனக்குப் பெர்மிட் வரலையா?"

அன்ரி அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவரைப் பேசவிடாமல் செய்வதற்குத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதானுங்கண்ணா" என்றாள். அங்கேயே போனை எடுத்து மூன்று பாடங்களை டிராப் செய்தாள்.

இதுவரை நடந்ததை அறியாமை என்று யாராவது எனக்காக வாதாடலாம். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. விலக்கு கேட்டுக் கடிதம் எழுதியவனே நான்தான். இரண்டு ஆண்டுகளில் அது எனக்கு மறந்து போனது உண்மை. அந்த விலக்கைப் பற்றிப் பேசினால் என் பெர்மிட்டில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை என்றாகிவிடும். அதனால் நான் அதை எங்கேயும் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்ததில்தான் மறந்தது.

இனி எழுதுவதற்கு அந்த வாதமும் கிடையாது.

அன்றிரவு ஷிஃப்ட் இல்லை. படுத்தவனுக்கு அன்ரியின் முகம் நினைவில் வந்தது. நான் சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொள்ள லேப்டாப்பைத் திறந்தேன். அவருக்கு மறுநாள் காட்டலாம் என்ற எண்ணமும் இருந்தது. பழைய விண்ணப்பக் கோப்பைத் தேடினேன். விளக்கக் கடிதம் இருந்தது. முதல் பத்தியிலேயே கோவிட் விலக்கு. கீழே என் கையெழுத்து. பிறகு குடிவரவுத் துறையின் பக்கத்தைத் திறந்து படித்தேன். கடைசி டெர்ம் தவிர மற்ற எல்லா டெர்மிலும் முழுநேரம் என்று தெளிவாக இருந்தது. வெளி வேலைக்கான நிபந்தனையையும் படித்தேன். எல்லாமே புரிந்தது. புரியாத மாதிரி எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

பாடம் சேர்க்கக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. அவளே சொல்லியிருந்தாள். வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. போனில் நாலு இடத்தில் தொட்டால் மூன்று பாடமும் திரும்ப வந்துவிடும். கட்டணத்துக்கு ஏதாவது வழி பார்த்திருக்கலாம். நானே கொஞ்சம் கொடுத்திருக்கலாம், என்னிடம் இருந்தது.

மறுநாள் காலை அவள் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் இடையில் ஐந்தடிகூட இல்லை. "இரும்மா, நான் சொன்னது தப்பு, அதத் திரும்பச் சேர்த்துடு" என்றால் முடிந்தது. அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றுகூட எழுத முடியாது. திறக்கவில்லை. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். "நேரமாயிடுச்சுங்கண்ணா" என்று போய்விட்டாள். வெள்ளியும் போனது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் மூன்று பதில் இருக்கிறது. மூன்றும் உண்மை. சொன்னால் அன்ரி முன்னால் தோற்றதாகிவிடும் என்பது ஒன்று. முந்தின மாலை அவரை நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும். அந்த வீட்டில் இனி யாரும் "அண்ணாகிட்ட கேளு" என்று சொல்லமாட்டார்களோ என்ற பயம் இன்னொன்று. மூன்றாவதை நெடுநாள் என்னிடமே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஆறு பாடமும் எடுத்தால் முழு ஷிஃப்டுக்கு வரமாட்டாள். என் லைனில் ஆள் குறையும். சூப்பர்வைசருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த டெர்மில் அவள் வெளியே வேலையே செய்யக்கூடாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே நாலு மாதமும் அவள் பெயரை நான் ரோஸ்டரில் எழுதினேன்.

அதிகாரிகள் இதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். சம்மரில் அவள் விட்ட பாடங்களை எடுத்தாள். 2023 டிசம்பரில் எல்லாம் முடிந்தது. மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. ஜனவரியில் கல்லூரி கொடுத்த கடிதத்தை என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு டெர்முக்கும் எதிரே முழுநேரம், முழுநேரம் என்று இருந்தது. 2023 விண்டருக்கு எதிரே மட்டும் பகுதிநேரம். "இது பரவாயில்லைங்களாண்ணா?" என்று கேட்டாள். விரலை அந்த வரியிலேயே வைத்துக் கேட்டாள்.

"போடு, வரும்" என்றேன்.

முதல் முறை மௌனமாக இருந்தேன். இந்த முறை பொய் சொன்னேன். இதிலும் அவளுக்கு இழப்பு உண்டு. அப்போது அவளுடைய ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாகத்தான் இருந்தது, மார்ச் வரை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் போயிருப்பாள். வேறொரு படிப்பில் சேர்ந்து, அதை முழுநேரமாக முடித்து, அதை வைத்து விண்ணப்பிக்கலாமா என்று பார்த்திருப்பாள். பணம் கிடைத்திருக்குமா என்பது வேறு. அந்த யோசனைக்கே நான் அவளை விடவில்லை.

விண்ணப்பம் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை முழுநேர வேலை செய்யலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதை நம்பி ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தாள். வேர்ஹவுஸ் இல்லை, படித்த வேலை. கணக்கு எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது. பி.ஆர்.-க்குச் சேருகிற வகை வேலை. ஓராண்டு நின்றால் போதும். முதல் சம்பளத்தில் அன்ரிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். எனக்கு ஒரு ஃபிளாஸ்க்.

ஜூன் மாதம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஒவ்வொரு டெர்மிலும் முழுநேரப் படிப்பைத் தொடரவில்லை, ஆகவே தகுதி இல்லை. அந்த நிமிடத்தோடு அவள் வேலை செய்யும் உரிமை முடிந்தது. மதியம் அலுவலகத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த மாத முடிவில் போட வேண்டிய சம்பளப் பட்டியலைப் பாதியில் விட்டு வந்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரிய இழப்பைச் சொல்லமுடியாமல் அதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

வழக்கறிஞரிடம் நானும் கூடப் போனேன். கடிதத்தையும் கல்லூரிச் சான்றையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம், 15 நாளுக்குள். ஆனால் கல்லூரிக் கடிதமே பகுதிநேரம் என்று சொல்லும்போது அதிகாரி செய்தது தவறு என்று எப்படி வாதிடுவது? இழந்த நிலையை மீட்டுத் திரும்ப மாணவியாக விண்ணப்பிக்க 90 நாள் இருந்தது. அதற்குப் புதிய சேர்க்கை, புதிய கட்டணம் எல்லாம் வேண்டும். செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் அந்த ஆண்டிலிருந்து 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்திருந்தது. தவிர, பகுதிநேரமாக இருந்த டெர்மில் வேலை செய்தாரா என்று கேட்டார். அவள் "ஆமாங்க" என்றாள். "யார் செய்யலாம் என்று சொன்னது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க, நானாத்தான் போனேன்" என்றாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு அன்ரி என்னிடம் நேராகவே கேட்டார். "நீர் சொன்னதாலதானே தம்பி?" நான் சொன்னேன், "இல்ல அன்ரி, இப்ப சட்டத்த இறுக்கிட்டாங்க."

அந்த ஆண்டு அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள். 2024 ஜனவரி 22 அன்று அமைச்சர் மார்க் மில்லர் வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்திருந்தார். மே மாதம், தனியாருடன் கூட்டுச் சேர்ந்து நடத்தும் கல்லூரிப் படிப்புகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த வேலை அனுமதி இல்லை என்றாகிவிட்டது. தமிழ்ச் செய்தித்தாள்களிலும் கனடா கதவடைக்கிறது என்றே செய்தி. இவை எதுவும் அவள் விஷயத்தைத் தொடவில்லை. அவள் மீறிய விதி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அது மாறவே இல்லை.

அவளுடைய அப்பா எனக்கு போன் செய்தார். மகளிடம் கேட்டால் அழுகிறாள், நீங்களாவது விவரம் சொல்லுங்கள் என்றார். "கவர்மென்ட் ரூல மாத்திட்டாங்க அங்கிள். நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகுது" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்ம புள்ள மேல தப்பில்லைங்களே?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். அந்த உரையாடலில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

ஆகஸ்டில் அவள் ஊருக்குப் போனாள். கல்விக் கடனுக்கு, படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டு டிசம்பரில் முடிந்தது. டாலரில் சம்பாதித்துக் கட்டுவதாக நினைத்து வாங்கிய கடனை இப்போது ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் சம்பளத்தில் கட்டுகிறாள். தம்பி இன்ஜினீயரிங் சேரவில்லை, அப்பாவோடு பட்டறைக்குப் போகிறான். அவளுக்குப் பேசி வைத்திருந்த இடம் தள்ளிப்போய், பிறகு இல்லாமலே போனது. அவள் அம்மா சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். "கனடா என்னாச்சு?" என்று கேட்பார்களாம்.

முதல் தவணை கட்டிய மாதம் அவளை அழைத்தேன். எனக்குக் கிடைத்தது கோவிட் விலக்கு, அதை மறந்து உனக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்களுக்கு எப்பண்ணா ஞாபகம் வந்துச்சு?"

"ரிஜெக்ட் ஆனதுக்கு அப்புறம்" என்றேன்.

"அப்பச் சரிங்க, யாருக்கும் வர்றதுதான்" என்றாள். என்னைத் தேற்றினாள். அந்தத் தேறுதலை நான் வாங்கிக்கொண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுத வேண்டும்.

பல மாதம் கழித்து முழுதும் சொன்னேன். அன்றிரவே கடிதத்தைப் பார்த்துவிட்டேன். சேர்க்க இன்னும் நாள் இருந்தது. டீ குடிக்கிறியா என்று கேட்ட காலையில் எனக்கு எல்லாம் தெரியும். ரோஸ்டர், லைன், சூப்பர்வைசர், எல்லாவற்றையும் சொன்னேன். போனில் கம்பெனியின் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. "அன்னிக்கு நான் பஸ்ல போறப்பத் திரும்பச் சேர்த்துடலாமான்னு யோசிச்சேன். அன்ரி சொன்னதே மனசுல ஓடுச்சு. நீங்க கரெக்டாத்தான் சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அன்ரியிடமும் போய்ச் சொன்னேன். அந்த வீட்டை விட்டு அதற்குள் நான் வேறு இடம் போயிருந்தேன். வாசலிலேயே நின்று கேட்டார். "உம்மை மன்னிக்கிறது என்ர அலுவல் இல்லை தம்பி. அது அந்தப் பிள்ளையின்ர அலுவல்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

அப்பாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன், டிக்கெட் போடட்டுமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். சில வாரம் பதில் இல்லை. பிறகு அழைத்தாள்.

"வேண்டாமுங்க. கவர்மென்ட்டு மாத்திடுச்சுன்னு நெனச்சுட்டு இருக்கறாரு. அதுல அவருக்கு ஒரு சமாதானம் இருக்குது. கூடவே இருந்தவங்க தெரிஞ்சே விட்டுட்டாங்கன்னு கேட்டா அவரு தாங்கமாட்டாரு. உங்க மனசு லேசாகறதுக்கு எங்கப்பா எதுக்குச் சுமக்கோணும்?"

அவள் அப்போது என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. அதன் பிறகும் கூப்பிடவில்லை. அந்த அழைப்பிலேயே கடன் கணக்கு எண்ணைச் சொன்னாள். மாதத் தவணையில் பாதி நான் கட்ட வேண்டும், அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றாள். கட்டுகிறேன். இதை ஈடு என்று சொல்லமாட்டேன். மூன்று ஆண்டு அனுமதிக்கும் அவள் பாதியில் விட்டு வந்த வேலைக்கும் நான் கட்டுவது எந்தக் கணக்கிலும் ஈடாகாது. இந்தக் கட்டுரையை எழுதவும் அவளிடம் கேட்டேன். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுங்கள், வேறு பிள்ளைகள் யாராவது படிக்கட்டும் என்றாள்.

அவள் சொன்னபடி அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பொங்கலன்று அவரே அழைத்தார். என் உடம்பை விசாரித்தார், குளிரை விசாரித்தார். "சட்டம் மாறிப்போச்சுன்னா யாரு என்ன பண்ண முடியுமுங்க தம்பி. அங்க எங்க புள்ளைக்கு ஒரு அண்ணனா நீங்க இருந்தீங்க. அத நாங்க மறக்கமாட்டோமுங்க" என்றார்.

"சரிங்க அங்கிள்" என்றேன்.